மலையேறியாச்சு

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் சங்ககிரி ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் எந்த லாரி டிரைவரையாவது நிறுத்திக் கேட்டுக்கொள்ளட்டும். ஊமைக்கரடு என்கிற குன்றின் உச்சிப் பாறையில் முதன்முதலாக ஆள் உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஆள் நவநீதன், அவனை அங்கே ஏற்றியது கோகிலவாணி போட்ட ஒரு வார்த்தை.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் வரிசையில், டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடியில், ரப்பர் வேகும் வாசனைக்கு நடுவே இருந்தது அவர்களுடைய கம்பெனி. லோடு எங்கே கிடக்கிறது, லாரி எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்து இரண்டையும் சேர்த்து வைக்கும் செயலி ஒன்றை அவர்கள் நடத்தினார்கள். ஆபீஸ் பிள்ளைகள் ஆளுக்கொரு பகுதியாக நிரல் எழுதித் தருவார்கள். எழுதியதைச் சர்வரில் ஏற்றுவது கோகிலாவின் வேலை. ஏறிவிட்டதா, பாதியில் விழுந்துவிட்டதா, ஏறினால் ஏன் இன்னும் தெரியவில்லை, விழுந்தால் ஏன் சொல்லவில்லை என்று ஒவ்வொருவராக அவள் நாற்காலியைச் சுற்றி நின்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய்தான் அவள் ஒரு சின்னக் கருவி எழுதினாள். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், யார் எழுதியது, எந்தப் பகுதி, என்ன ஆச்சு என்று மூன்றையும் கோத்து ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடும். அதற்குத் தண்டோரா என்று பேர் வைத்தாள். தண்டோரா வந்துவிட்டால் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாள், பாவம். அதன் பிறகு எல்லார் போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது, அதிர்ந்ததும் எல்லாரும் அவளைக் கூப்பிட்டு, குரூப்பில் வந்திருக்கிறதே, நிஜம்தானா என்று கேட்டார்கள்.

ஏறினால் 'வெற்றி', விழுந்தால் 'தோல்வி' என்றுதான் தண்டோரா முதலில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பொறுக்க முடியாதவர் முதலாளி தணிகைவேல். கெட்டவர் இல்லை. லாரி ஓட்டிச் சம்பாதித்த அப்பாவுக்குப் பிறந்து, கம்ப்யூட்டரில் காசைப் போட்டுவிட்டு, வாயைத் திறந்தால் நல்ல வார்த்தைதான் வரவேண்டும் என்று இருக்கிறவர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கோகிலாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, காலைல எந்திரிச்சுப் போனத் தெறந்தா தோல்வி தோல்வின்னு செவப்பா நிக்குது. நாளைக்கு வெள்ளிக்கெழம வேற. எங்கூட்டுல வெளக்கு அணஞ்சுதுன்னுகூடச் சொல்ல மாட்டோம், மலையேறிருச்சும்போம். அந்த மாதிரி நல்லதா ஒண்ணு போட்டுவுடு."

"சரிங்க சார்," என்றாள் கோகிலா. யோசிக்கத் தெம்பில்லை. 'தோல்வி'க்குப் பதிலாக அவர் சொன்னதையே போட்டாள்: மலையேறியாச்சு. 'வெற்றி'க்கு, வந்து சேர்ந்தாச்சு.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. 'மலையேறியது' என்று போட்டிருந்தால் ஏறியது செயலி என்று ஆகியிருக்கும், மனிதர்களுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை 'முடிஞ்சாச்சு', 'அனுப்பியாச்சு', 'பார்த்தாச்சு' என்றே பேசிப் பழகின வாய் அவளுடையது. அந்த 'ஆச்சு'வுக்கு ஆண் கிடையாது, பெண் கிடையாது, மாடு மனிதன் கிடையாது, முன்னால் யார் பேர் நிற்கிறதோ அவர்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். தண்டோராவின் வரியிலோ முதலில் நிற்பது எழுதின ஆளின் பேர்.

மறுநாள் நவநீதன் எழுதின வாடகைச் சீட்டுப் பகுதி சர்வரில் ஏறாமல் விழுந்தது. கோகிலா வழக்கம்போல் ஒரு வரி தட்டினாள். 'நவநீதன், வாடகைச் சீட்டு, மலையேறியாச்சு' என்று குரூப்பில் வந்தது, எல்லார் போனும் அதிர்ந்தது, நவநீதனின் நாற்காலி காலியாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அவன் வைத்திருந்த டீயில் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயசுதா, வருகைக் கணக்குப் பார்க்கிறவள், தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள்.

"கரட்டு மேல நம்ம நவநீதன் உக்காந்திருக்குது."

எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், முள்காட்டுக்குப் பின்னால், மொட்டையாக நிற்கும் ஊமைக்கரட்டின் உச்சியில், தட்டைப் பாறைமேல் நீலச் சட்டை ஒன்று தெரிந்தது. "ஆமா, அவன்தான்," என்றார் தணிகைவேல். "சாப்பாட்டு டப்பா எடுத்துட்டுப் போனானா?" டப்பா மேசையிலேயே இருந்தது. யாரோ அவன் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவள், வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கோகிலாதான் உட்கார்ந்து, விழுந்ததை எடுத்துப் பழைய பதிப்பை மறுபடி ஏற்றி, மத்தியானச் சாப்பாட்டையும் தள்ளிவைத்து, எல்லாம் ஒழுங்கானதும் மறுபடி ஒரு வரி தட்டினாள். 'நவநீதன், வாடகைச் சீட்டு, வந்து சேர்ந்தாச்சு.' நாற்காலியில் அவன் இருந்தான். பேண்ட் முழுக்க ஒட்டுப்புல். முகம் மட்டும், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவன் முகம்போல் இருந்தது.

"எப்படிடா இருந்துச்சு?"

"காத்துங்க்கா. நல்ல காத்து. போன் எடுக்கவே இல்ல, ஒரு புள்ளிகூட டவர் இல்ல. சும்மா படுத்தேன். தூங்கிட்டேன்." அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். எவன் எழுதியது விழுந்ததோ அவன் கரட்டில். விழுந்ததைக் கோகிலா தூக்கி நிறுத்தியதும் அவன் நாற்காலியில். ஊர் இதை இரண்டொரு வாரத்தில் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. கரட்டில் இருக்கும் நேரம் வேலையா லீவா என்று ஆபீசில் பெரிய வாக்குவாதம் நடந்து, ஜெயசுதா கடைசியில் அதை வெளிவேலை என்று போட்டுவிட்டாள். டீக்கடைக்காரர் பிளாஸ்கோடு ஏறிப் பார்த்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று திரும்பி வந்து, இரண்டு கோரைப் பாயும் ஒரு குடமும் மட்டும் ஆள்விட்டு மேலே அனுப்பினார். பட்டறை ஆட்கள் மிஞ்சின தகரத்தில் ஒரு பந்தல் அடித்துக் கொடுத்தார்கள், அதிலும் அவர்கள் கை சும்மா இருக்காமல் லாரி முகப்பில் எழுதுகிற மாதிரி பூவும் கிளியும் வரைந்துவிட்டார்கள். ஆபீஸ் பையன்களுக்குப் பெண் கேட்டுப் போன இடங்களில், மாப்பிள்ளை மலையேறுகிறவரா என்று விசாரித்தார்கள். சிலர் வேலை தெரியாதவனோ என்று பயந்து கேட்டார்கள், சிலர் பெண்ணுக்குச் சிடுசிடுப்பில்லாத புருஷன் கிடைப்பானே என்று ஆசையோடு கேட்டார்கள்.

லாரிக்காரர்கள்தான் எல்லாரையும்விடச் சீக்கிரம் தேறினார்கள். செயலி பாதியில் நின்றால் முன்பெல்லாம் போனைத் தட்டித் தட்டி, கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாய்க்கு வந்ததைத் திட்டுவார்கள். இப்போது வண்டியைவிட்டு இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரட்டைப் பார்த்தார்கள். "ஆளு தெரியுதா?" என்று ஒருவன் கேட்பான். "செவப்புச் சட்டை ஒண்ணு தெரியுது மாப்ள," என்று இன்னொருவன் சொல்வான். ஆள் தெரிந்தால் இன்றைக்கு லோடு பதிவாகாது என்று அர்த்தம். வண்டியை ஓரம் கட்டி, அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். கண் எரிய எரிய ஊர் ஊராக ஓட்டுகிற ஜனம் அது. தூங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவர்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை. கம்பெனியைக் கூப்பிட்டு யாரும் கேட்பதில்லை, கரட்டைப் பார்த்தார்கள்.

எல்லாரும் ஏறினார்கள், எல்லாரும் தூங்கினார்கள், எல்லாரும் முகம் தெளிந்து இறங்கினார்கள். கோகிலா மட்டும் ஏறவில்லை. அவள் எதையும் எழுதுகிறவள் இல்லையே, ஏற்றுகிறவள்தானே. வரியில் அவள் பேர் வருவதற்கே வழியில்லை. ஒருத்தன் மேலே பாயில் புரண்டு படுக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கீழே அவள் அவன் செய்த கோளாறைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் எவ்வளவுக்கு இளைப்பாறினார்களோ அவ்வளவுக்கு அவள் இளைத்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்கினாள். மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் நெடுநேரம் ஏதோ சொல்லி முடித்தபோது, "முடிஞ்சதும் குரூப்ல போட்டுருங்க," என்று சொல்லிவிட்டு, டீச்சர் முழிப்பதைப் பார்த்துத்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உணர்ந்தாள். பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் அவள் கணவன் மாதேஸ்வரன் நல்ல மனுஷன். சோறு வடிப்பான், பிள்ளைக்குத் தலை பின்னுவான். ஆனால் அவளுக்குப் பதிலாகத் தூங்கிக் கொடுக்க அவனால் முடியுமா?

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், யாரும் கூப்பிடாமல், எதுவும் அதிராமல், அந்தப் பாறைமேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். வேறு எதற்கும் அவள் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை என்று மாதேஸ்வரனிடமே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, லீவு கேளேன் என்றான்.

கேட்டாள். தணிகைவேல் மனம் கஷ்டப்பட்டு, நிஜமாகவே கஷ்டப்பட்டு, கையைப் பிசைந்தார். "நீ லீவு போட்டுட்டா மேல இருக்கறவனை யாரும்மா இறக்கறது? பசங்க ராத்திரிக்குக் குளுர்ல கெடப்பாங்களா?" அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். பிறகும் கேட்டாள். பிறகும் யாராவது ஒருவன் மேலே இருந்தான்.

இதற்கிடையில் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். காலையில் வரும்போதே தலையணை உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, எழுதுவதில் வேண்டுமென்றே ஒரு புள்ளியை விட்டார்கள், ஒரு அடைப்பை மூடாமல் விட்டார்கள். பருத்தி மூட்டைக்குப் போக வேண்டிய லாரி சிமெண்ட் கிடங்கில் போய் நின்றது. லோடு இல்லாமல் ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தவர்கள், தூக்கம் போதும் சாமி, பிழைப்பையும் பார்க்க வேண்டாமா என்று மாடியேறி வந்து சத்தம் போட்டார்கள். தணிகைவேல் ஒரு சட்டம் போட்டார்: இனிமேல் யார் எதை எழுதினாலும் கோகிலா வரிவரியாகப் பார்த்த பிறகுதான் சர்வரில் ஏற வேண்டும்.

ஆக அவள் அவர்களுடைய தூக்கத்துக்குக் காவல்காரியும் ஆனாள். விட்ட புள்ளிகளையெல்லாம் கண்டுபிடித்து வைத்தாள். யாரும் ஏறவில்லை. கரட்டில் தகரப் பந்தல் காற்றில் தனியாகக் கடகடத்தது. ஆபீசில் அவளோடு யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. டீ சொல்லும்போது அவளை விட்டுவிட்டுச் சொன்னார்கள். நவநீதன்கூட, அக்கா அக்கா என்று சுற்றிவந்தவன், "உங்களுக்கு என்னங்க்கா, நீங்க தூங்காமயே இருப்பீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தை அவளுக்கு ரொம்ப வலித்தது. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

அப்படியும் ஒன்றிரண்டு கோளாறுகள் அவள் கண்ணைத் தப்பி, ஆட்களை மேலே கொண்டுபோயின. கடைசியில் தணிகைவேல் அவள் மேசைக்கு வந்தார். அவருக்கும் கண்ணுக்கடியில் கருவளையம்.

"அந்த வார்த்தைய எடுத்துரு அம்மிணி. நாந்தான் போடச் சொன்னேன், நானே சொல்றேன், எடுத்துரு."

"வேற என்ன போடறதுங்க?"

"நல்லதா ஏதாச்சும் போடு. யாரும் எங்கயும் போகாத மாதிரி."

அவர் போன பிறகு கோகிலா வெகுநேரம் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இதை எடுத்துவிட்டால் இனி எவனும் ஏறப் போவதில்லை, அவளும் ஏறப் போவதில்லை. அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. தண்டோராவை எழுதினவள் அவள்; தண்டோராவில் ஒரு மாற்றம் என்றால் அதை ஏற்றும்போது வரியில் முதலில் நிற்கப்போகிற பேர் கோகிலவாணி. இதுவரை அவள் ஏற்றிய எதுவும் அவள் தவறால் விழுந்ததில்லை. இது ஒன்று ஏறாமல் விழுந்தால், சர்வரில் நிற்கிற பழைய சொல்லே அவள் பேரோடு வராதா?

பழைய சொல்லை அழித்தாள். நல்ல வார்த்தை ஒன்றைத் தேடினாள், மனதில் ஒன்றும் வரவில்லை, உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது. சொல்லுக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டிய மேற்கோள் குறிகளில் பின்னாலிருந்ததும் சொல்லோடு சேர்ந்து அழிந்துபோனது. வேண்டுமென்றே விட்டாளா, கை அசந்து விட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், செருப்பைக் காலில் சரியாக மாட்டிக்கொண்டாள், ஏற்றினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் கொட்டின. விழுந்துவிட்டது. வழக்கம்போல் ஒரு வரி தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, காற்று வருவதற்காகக் காத்திருந்தாள்.

வந்தது ரப்பர் வாசனைதான். கண்ணைத் திறந்தால் அதே நாற்காலி. யார் போனும் அதிரவில்லை. குரூப்பில் ஒரு வரியும் இல்லை. எப்படி வரும்? பறையே கிழிந்துபோனால், பறை கிழிந்தது என்று ஊருக்கு எதை அடித்துச் சொல்வது? மற்றவர்கள் விழுந்ததையெல்லாம் சொன்ன தண்டோராவுக்குத் தான் விழுந்ததைச் சொல்ல வாயில்லை. சொல்லாததால் யாரும் ஏறவில்லை.

கோகிலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை; அதற்கும் தெம்பு வேண்டுமே. எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"எங்கம்மா?" என்றார் தணிகைவேல்.

"கரட்டுக்குங்க."

"ஏன், விழுந்துருச்சா? குரூப்ல ஒண்ணும் வரலியே?"

"வராதுங்க சார். நான் நடந்து போறேன்."

ஆபீசிலிருந்து நடந்து யாரும் அங்கே போனதாக அவருக்கு ஞாபகமில்லை; எழுந்து வழிவிட்டார். அவள் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, முள்காட்டுக்குள் புகுந்தாள். முந்தானையை முள் இழுத்தது. பை தோளில் அதிர்ந்துகொண்டே இருந்தது: ஜெயசுதா, நவநீதன், தணிகைவேல், மறுபடி தணிகைவேல். மூச்சு இரைத்தது, குதிகாலைச் செருப்புவார் கடித்தது, நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, இது நமக்குத் தேவைதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மற்றவர்களுக்கெல்லாம் சொடக்குப் போடும் நேரத்தில் கிடைத்தது இவளுக்கு மட்டும் இத்தனை வியர்வை. பாதிக்கு மேல் ஏறினதும் பை அதிர்வது நின்றது. அவள் அதை உடனே கவனிக்கவில்லை, கொஞ்ச தூரம் போன பிறகுதான் காதில் காற்று மட்டும் இருப்பது தெரிந்தது.

உச்சியில் பூவும் கிளியும் வரைந்த பந்தல் இருந்தது, பாய் இருந்தது, குடத்தில் யாரோ விட்டுப்போன தண்ணீர் இருந்தது. காலை நீட்டினாள்.

கீழே தணிகைவேல் கருப்புத் திரையில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தார். கோகிலவாணி, வந்து சேர்ந்தாச்சு. கோகிலவாணி, வந்து சேர்ந்தாச்சு. தண்டோரா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நடந்து போனவளை அது என்ன செய்யும்? கடைசியில் நவநீதனை அனுப்பினார். அவனுக்குக் கரடு தன் வீட்டுக் கட்டில் மாதிரி. ஆனால் வழி எது என்று தெரியாது. முள் கிழித்து, முட்டி சிராய்த்து, நாக்குத் தள்ளி அவன் மேலே வந்து சேர்ந்தபோது அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, இவ்வளவு தூரமாங்க்கா இது?" என்றான் இரைத்தபடி. "நீங்க எங்களை இறக்கறப்ப எல்லாம்... சாரிங்க்கா. அன்னிக்கு நான் பேசுனது தப்பு." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "சார் கேக்கறாரு, எப்ப வருவீங்கன்னு. உங்களை இறக்கறதுக்கு என்ன தட்டணும்னு கேக்கறாரு."

"எனக்கு ஒண்ணும் தட்ட வேண்டாம்," என்றாள் கோகிலா, ஏற்கெனவே பாதித் தூக்கத்தில். "நானா வந்தேன் நவநீ. நானா..."

அவன் குனிந்து பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை பாய்க்கு வெளியே பாறைமேல் கிடக்க, அவள் அசந்து தூங்கிப்போயிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல் உருளாமல் இறங்கினான்.

ஆபீஸ் வாசலில் தணிகைவேல் நின்றிருந்தார். பின்னால் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"என்ன சொல்லுச்சு?"

"தூங்குதுங்க சார்."

தணிகைவேல் கரட்டை ஒருதரம் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பட்டறையில் தகரத்தை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிப் போய்ப் பட்டறைக்காரரின் கையைப் பிடித்து, "கோகிலா தூங்குது," என்றார். பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் பக்கத்துப் பட்டறைக்குச் சொன்னார், அவர்கள் டீக்கடைக்குச் சொன்னார்கள், டீக்கடைக்காரர் பாய்லர் தீயைச் சிறிதாக்கிவிட்டு வண்டியோரம் நின்ற டிரைவரிடம் சொன்னார், டிரைவர் எதிரே வந்த வண்டியை மறித்துச் சொன்னான், அந்த வண்டி சுங்கச்சாவடிவரை போய்ச் சொன்னது. கோகிலா தூங்குது, கோகிலா தூங்குது என்று வாய்க்கு வாய் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார்கள், எந்த டிரைவரும் யார் அந்தக் கோகிலா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவள் தானாகக் கண்விழித்து, முந்தானையில் ஒட்டுப்புல்லோடு இறங்கி வரும்வரை, சங்ககிரி ரோட்டில் ஒரு லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை.